இருநூறு மீட்டர் போதும்

காற்றின் கணக்கு – 12

1982 மே 2, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து மேற்கு மூலையில் பாராசூட் என்று ஒரு சின்ன ஊர். அதன் அருகே பாறையிலிருந்து எண்ணெய் எடுக்க 500 கோடி டாலர் மதிப்பில் போடப்பட்ட 'காலனி' திட்டத்தை இழுத்து மூடப்போவதாக எக்ஸான் நிறுவனம் அன்று அறிவித்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போயிற்று. அந்த வட்டாரத்து மக்கள் அந்த நாளை இன்றைக்கும் 'கறுப்பு ஞாயிறு' என்றுதான் சொல்கிறார்கள்.

எண்ணெய்க்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். அதே மலைப்பகுதியில் ராத்திரி ராத்திரியாகக் கண் விழித்து வேலை பார்க்க வந்த இன்னொரு கூட்டம் மட்டும் வேலையை நிறுத்தவில்லை. அவர்கள் காற்றை அளக்க வந்தவர்கள்.

எண்ணெய்ப் பாறையைச் சூளையில் போட்டு வாட்டினால்தான் எண்ணெய் கசியும். வாட்டினால் புகை வரும். பகல் புகையைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. வெயிலில் சூடான காற்று மேலே எழும்போது புகையையும் தூக்கிக்கொண்டுபோய்க் கலைத்துவிடும். மலைகளுக்கு நடுவே ராத்திரியில் விடும் புகை எங்கே போகும்? எவ்வளவு நேரம் தங்கும்? எந்தப் பண்ணை வீட்டு ஜன்னலுக்கு வந்து சேரும்? சமவெளிக்காக எழுதிய சூத்திரங்கள் இந்தக் கேள்விகளுக்கு முன் கையை விரித்தன.

அதனால்தான் அமெரிக்க எரிசக்தித் துறை 1978-ல் ஆஸ்காட் என்ற ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. மேடும் பள்ளமுமான நிலத்தில், முக்கியமாக இரவில், காற்று என்ன செய்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். லிவர்மோர், லாஸ் அலமோஸ், ஆர்கான் ஆகிய தேசிய ஆய்வுக்கூடங்களும், போல்டர் நகரத்து நோவா (அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல நிர்வாகம்) ஆய்வுக்கூடமும், இன்னும் பலரும் இதில் சேர்ந்தார்கள். முதலில் கலிபோர்னியாவின் கீசர்ஸ் பகுதிக்குப் போனார்கள். அங்கே பூமிக்கடியிலிருந்து எடுக்கும் நீராவியோடு அழுகிய முட்டை நாற்றமும் சேர்ந்து வரும். அடுத்து கொலராடோவுக்கு வந்தார்கள். 1982-ல் ஒரு முறை, பிறகு 1984 செப்டம்பர், அக்டோபரில் பெரிய படையோடு இன்னொரு முறை.

அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் பிரஷ் கிரீக் பள்ளத்தாக்கு. நீளம் சுமார் 25 கிலோமீட்டர். ஆழம் 600 மீட்டருக்கு மேல். வளைவு நெளிவு அதிகம் இல்லாமல் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நேரே இறங்குகிறது. இரு பக்கமும் செங்குத்தான சுவர்கள். அந்தச் சுவர்களைப் பிளந்துகொண்டு ஆங்காங்கே சிறிய கிளைப் பள்ளத்தாக்குகள். ஆராய்ச்சிக்கென்றே யாரோ வெட்டி வைத்ததுபோல் ஓர் இடம்.

இரவில் இறங்கும் காற்று

சூரியன் மறைந்ததும் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகமும் ஈரமும் குறைந்த வானமானால் இந்த இழப்பு வேகமாக நடக்கும். தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று குளிர்கிறது, குளிர்ந்தால் கனக்கிறது. மலைச்சரிவில் இப்படிக் கனத்த காற்றுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், பள்ளத்தாக்கின் நடுவே இருக்கும் காற்று இன்னும் அவ்வளவு குளிரவில்லை. எனவே சரிவுக்காற்று கீழ்நோக்கி வழுக்குகிறது. ஜெர்மனியின் லுட்விக் பிராண்டல் 1942-ல் இந்தச் சரிவுக்காற்றுக்கு ஒரு கணித வடிவம் கொடுத்தார். ஆஸ்திரியாவின் ஃப்ரிட்ஸ் டெஃபான்ட் 1949-ல் பகலும் இரவும் காற்று எப்படி மாறி மாறி ஏறி இறங்குகிறது என்பதை எட்டுக் கட்டங்களாகப் படம் போட்டார். மலை வானிலைப் புத்தகங்களில் அந்தப் படம் இன்றும் இடம்பெறுகிறது.

ஊட்டிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மார்கழி, தை மாதங்களில் உறைபனி முதலில் வெளுப்பது மேட்டில் இல்லை, தலைகுந்தா மாதிரியான தாழ்ந்த புல்வெளிகளில்தான். குளிர்ந்த காற்று இறங்கி வந்து தேங்கும் இடம் அது.

சரிவில் இறங்கும் காற்று சில மீட்டர், மிஞ்சிப்போனால் சில பத்து மீட்டர் கனமுள்ள மெல்லிய படலம். பள்ளத்தாக்கின் அடிக்கு வந்து சேர்ந்த பிறகு கதை மாறுகிறது. நூறு, இருநூறு, முந்நூறு மீட்டர் கனத்துக்குத் திரண்டு, பள்ளத்தாக்கின் வாயை நோக்கி மொத்தமாக நகரத் தொடங்குகிறது. அடியில் தரை உராய்ந்து பிடித்து இழுக்கிறது. தலைக்கு மேலே மலையுச்சிகளைத் தாண்டி வீசும் காற்று தன் இஷ்டத்துக்கு வேறு திசையில் போகிறது. இரண்டுக்கும் இடையில் எங்கோ ஓர் உயரத்தில்தான் வேகம் உச்சத்தில் இருக்கும். தரையில் நிற்பவரின் முகத்தில் படுவது அதில் மிச்சம் மீதிதான்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. காற்றோட்டம் 500 மீட்டர் அகலம், 200 மீட்டர் கனம், வேகம் சராசரியாக வினாடிக்கு 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 3 லட்சம் கனமீட்டர் காற்று பள்ளத்தாக்கை விட்டு வெளியேறுகிறது. இவ்வளவு காற்றும் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். பக்கச் சுவர்களிலிருந்து எவ்வளவு? கிளைப் பள்ளத்தாக்குகளிலிருந்து எவ்வளவு? மேலேயிருந்து உள்ளே அமிழ்ந்தது எவ்வளவு? பசிபிக் வடமேற்கு ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டேவிட் வைட்மேன் போன்றவர்கள் பிரஷ் கிரீக்கில் போட்டது இந்த வரவு செலவுக் கணக்கைத்தான். வரவு தெரிந்தால்தான் புகை எங்கே நீர்த்துப்போகும், எங்கே அடர்த்தியாகவே வந்து சேரும் என்று சொல்ல முடியும்.

ஆற்றில் ஓடைகள் கலப்பதைப்போல என்று இதை நினைத்துக்கொள்ளலாம். ஓரளவுக்குத்தான் அது பொருந்தும். ஓடைத் தண்ணீர் ஆற்றில் விழுந்தால் ஆற்றோடு கலந்துவிடும். கிளைப் பள்ளத்தாக்கின் காற்று அப்படிக் கலப்பதில்லை. முக்கியப் பள்ளத்தாக்கில் ஏற்கெனவே கிடக்கும் காற்றைவிடக் குளிர்ந்திருந்தால் அதற்கு அடியில் நுழையும். சற்றுச் சூடாக இருந்தால் தன் வெப்பநிலைக்குச் சமமான உயரத்தைத் தேடி அங்கேயே, நடுவானில் ஓர் அடுக்காக, சொருகிக்கொள்ளும். அதனால் காற்றின் திசையையும் வேகத்தையும் ஓர் இடத்தில் அளந்தால் போதாது. அடுக்கு அடுக்காக, உயரம் உயரமாக அளக்க வேண்டும்.

கோபுரமும் பலூனும்

பத்து மீட்டர் கம்பம் நட்டு, உச்சியில் சுழல் கிண்ணங்கள் வைப்பது எளிது. அது பத்து மீட்டரில் நடப்பதை மட்டும் சொல்லும். அறுபது மீட்டர் கோபுரம் எழுப்பினால் இன்னும் கொஞ்சம் தெரியும். ஒவ்வொரு கிளைப் பள்ளத்தாக்கின் வாயிலும் அப்படிக் கோபுரம் எழுப்ப யாரிடமும் பணம் இல்லை.

கயிற்றில் கட்டிய பலூன் இன்னொரு வழி. பலூனுக்கு அடியில் வெப்பநிலை, ஈரம், காற்றளக்கும் சிறு பெட்டியைத் தொங்கவிட்டு, விஞ்சினால் கயிற்றை மெல்ல விட்டு ஏற்றி, மறுபடி சுற்றி இறக்குவார்கள். ஐந்நூறு, அறுநூறு மீட்டர் வரை துல்லியமான அளவுகள் கிடைக்கும். வெப்பநிலையும் சேர்ந்து கிடைப்பது பெரிய லாபம். ஆனால் ஒரு முறை ஏற்றி இறக்க அரைமணி நேரம் போய்விடும். அடியில் அளந்த காற்றும் உச்சியில் அளந்த காற்றும் ஒரே நேரத்துக் காற்றுகள் இல்லை. காற்று அரைமணி நேரம் மாறாமல் இருந்தால் பரவாயில்லை. இருக்கிறதா என்று பலூனால் சொல்ல முடியாது.

நோவா ஆய்வுக்கூடம் லேசர் கருவி ஒன்றையும் கொண்டு வந்தது. டாப்ளர் லைடார் என்று பெயர். காற்றில் மிதக்கும் தூசியில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளியைக் கொண்டு பள்ளத்தாக்கின் குறுக்குவெட்டையே படமாக வரைந்து காட்டியது. அதைக் கொண்டு போஸ்ட், நெஃப் என்ற இருவர் 1986-ல் வெளியிட்ட முடிவுகள் பெரிதும் பேசப்பட்டன. அதுவோ வண்டி நிறையச் சாமான். குறுகலான கிளைப் பள்ளத்தாக்குகளுக்கெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது.

மிச்சம் இருந்தது சத்தம்.

காற்றிலிருந்து வரும் எதிரொலி

காற்றே எதிரொலிக்கும் என்று முதலில் அழுத்திச் சொன்னவர் ஜான் டிண்டல். 1873-ல் இங்கிலாந்தின் டோவர் அருகே, சௌத் ஃபோர்லாண்ட் முனையில், கப்பல்களுக்கான மூடுபனி ஊதுகுழல்களைச் சோதித்துக்கொண்டிருந்தார். மூடுபனியே இல்லாத தெளிவான நாள்களில் சில சமயம் சத்தம் தூரம் போகாமல் செத்துப்போனது. எதிரே சுவரோ கப்பலோ இல்லாத வெறும் கடல்வெளியிலிருந்து எதிரொலி வந்தது. கண்ணுக்குத் தெரியாத 'ஒலி மேகங்கள்' காற்றில் இருக்கின்றன என்றார் டிண்டல். அவருடைய விளக்கத்தில் பாதியைப் பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். வெறும் காற்று சத்தத்தைத் திருப்பி அனுப்பும் என்ற பாதி நிலைத்தது.

1946-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கில்மன், காக்ஸ்ஹெட், வில்லிஸ் என்ற மூவர் அதைக் கருவியாக்கினார்கள். நுண்ணலை ரேடியோ இணைப்புகள் சில இரவுகளில் ஏன் மங்குகின்றன என்பது அவர்களுடைய கவலை. ஒலிபெருக்கியை வானத்தைப் பார்த்து வைத்து, சத்தம் அனுப்பி, தரைக்கு மேலே, குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று கிடக்கும் வெப்பத் தலைகீழ் அடுக்கிலிருந்து எதிரொலியைப் பிடித்தார்கள். அதற்கு மேல் யாரும் அதைப் பெரிதாகத் தொடரவில்லை. 1968-ல் ஆஸ்திரேலியாவில் மெக்காலிஸ்டர் என்பவர் அதை மறுபடி எடுத்தார். எதிரொலியை ஓடும் காகிதத்தில் கறுப்பு வெள்ளைப் படமாக வரையவைத்தார். வளிமண்டலத்தின் அடுக்குகள் அலைபாய்வதை மணிக்கணக்கில் கண்ணால் பார்க்க முடிந்தது. மறுவருடம் போல்டரைச் சேர்ந்த கார்டன் லிட்டில் இந்த முறையின் அடிப்படையை விரிவாக எழுதினார். அதன்பின் சோடார் என்ற பெயர் வானிலைக்காரர்களின் வாயில் ஏறிவிட்டது.

லிட்டில் காட்டிய ஒரு கணக்கு இங்கே முக்கியம். காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால், ரேடியோ அலைக்கு அந்தக் காற்றின் ஒளிவிலகல் எண் பத்து லட்சத்தில் சுமார் ஒரு பங்குதான் மாறும். ஒலிக்கோ பத்து லட்சத்தில் 1,700 பங்கு மாறும். ரேடியோ கண்டுகொள்ளாத சின்ன வெப்பநிலைச் சுழிப்பு ஒலிக்குச் சுவராக நிற்கிறது. ஆயிரம் மடங்குக்கு மேல் கூர்மையான தொடுதல் இது. அதற்கு விலையும் உண்டு: ஒலி சீக்கிரம் தேய்ந்துபோகும். ரேடார் கிலோமீட்டர் கணக்கில் பார்க்கும். சோடார் சில நூறு மீட்டரோடு மூச்சு வாங்கும்.

ஒன்றேகால் வினாடிக்குள்

1980-களில் ஆர்கான் ஆய்வுக்கூடத்தின் ரிச்சர்ட் கூல்டர் இன்னும் கச்சிதமான ஒரு கருவியைச் செய்து பார்த்தார். மார்ட்டின் என்பவரோடு சேர்ந்து 1986-ல் அதன் முடிவுகளை வெளியிட்டார். வழக்கமான சோடார்கள் 1,500, 2,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலிக்கும். 'மினி சோடார்' எனப்படும் இந்த வகைக் கருவி அதைவிடக் கீச்சென்ற குரலில், பல ஆயிரம் ஹெர்ட்ஸில் கத்தும். மினி சோடார் வேலை செய்வதைக் கொஞ்சம் கிட்டே நின்று பார்ப்போம்.

வீட்டு ஸ்டீரியோவில் உச்சக் குரலுக்கு வைக்கும் பீசோ ட்வீட்டர்கள் தெரியுமல்லவா? அவற்றில் சில டஜனை ஒரு சதுரப் பலகையில் நெருக்கமாக அடுக்கினால் அதுதான் ஆன்டெனா. அகலம் ஏறத்தாழ ஒரு மீட்டர். சுற்றிலும் சத்தம் உறிஞ்சும் பஞ்சு ஒட்டிய அடைப்பு. ஒரு டெம்போவில் ஏற்றி, இரண்டு பேர் இறக்கி வைத்து, பேட்டரியில் ஓட்டிவிடலாம்.

கணினி சொன்னதும் எல்லா ட்வீட்டரும் ஒன்றாக ஒரு கீச்சு விடுகின்றன. 4,500 ஹெர்ட்ஸ், நீளம் வினாடியில் நூறில் சில பங்கு. காதுக்கு ஒரு பறவைக் குரல்போலத்தான் கேட்கும். உடனே வாயை மூடிக்கொண்டு அதே ட்வீட்டர்கள் காதாக மாறுகின்றன. ஒலி போய்த் திரும்பும் நேரத்தை வைத்து உயரம் கணக்காகிறது. 50 மீட்டர் உயரத்திலிருந்து எதிரொலி வர 0.3 வினாடி. 100 மீட்டரிலிருந்து 0.6. 200 மீட்டரிலிருந்து 1.2 வினாடி. அதோடு கேட்டது போதும் என்று அடுத்த கீச்சு.

எந்தச் சுழிப்பு எதிரொலியைத் திருப்புகிறது? அலைநீளத்தில் பாதி அளவுள்ளது. 4,500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் ஏழரை சென்டிமீட்டர். ஆக, நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவான வெப்பநிலைச் சுழிப்புகள்தான் இந்தக் கருவியின் கண்ணாடிகள். காற்று அசைந்தாலும் வெப்பநிலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரிக் கலந்திருந்தால் நேர்ப்பின்னால் எதிரொலி வராது. குளிர்ந்த அடுக்கின் மேல் சூடான அடுக்கு ஏறி உட்கார்ந்து, ஒன்றையொன்று உரசிக்கொண்டே போகும் இரவுப் பள்ளத்தாக்கில் அந்தக் கவலை குறைவு.

வேகம் எப்படித் தெரிகிறது? நம்மைக் கடந்து போகும் ரயிலின் ஊதல் சுருதி இறங்குகிறதே, அதே டாப்ளர் விளைவுதான். மூன்று திசைகளில் கீச்சு போகிறது: ஒன்று நேர் மேலே, மற்ற இரண்டும் 16 டிகிரி அளவுக்குச் சாய்ந்து, ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில். ட்வீட்டர்களைச் சற்று முன்பின்னாக ஒலிக்கவைத்தாலே கற்றை சாய்ந்துவிடும். பலகையை அசைக்க வேண்டியதில்லை. காற்று வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பள்ளத்தாக்கில் இறங்குகிறது என்றால், அதே பக்கம் சாய்ந்த கற்றையின் வழியில் அதன் பங்கு 1.1 மீட்டர். 4,500 ஹெர்ட்ஸில் போன கீச்சு சுமார் 4,471 ஹெர்ட்ஸில் திரும்பி வரும். 29 ஹெர்ட்ஸ் வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்குள்தான் காற்றின் வேகம் ஒளிந்திருக்கிறது. ஒரு நிமிடத்தில் ஐம்பது கீச்சு; அவற்றைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஐந்து, பத்து மீட்டருக்கு ஓர் அடுக்காக, சில நிமிடத்துக்கு ஒரு முறை, காற்றின் முழு நெடுக்குவெட்டு கையில் கிடைக்கும்.

ஏன் சின்னது?

பெரிய சோடார் அறுநூறு மீட்டர், ஆயிரம் மீட்டர் வரை பார்க்குமே, பள்ளத்தாக்கின் ஆழமே அறுநூறு மீட்டர்தானே, பிறகு ஏன் இருநூறோடு நிற்கும் கருவி என்று கேட்கலாம். காசு மிச்சம் என்பது ஒரு பதில். முக்கியமான பதில் பாறைச் சுவரில் இருக்கிறது.

எந்த ஒலிபெருக்கியும் தன் சத்தம் முழுவதையும் கற்றைக்குள் அடக்கிவிடாது. கொஞ்சம் பக்கவாட்டில் சிந்தும். சமவெளியில் சிந்தியது போன வழி தெரியாது. மலையிடுக்கில் அது சுவரில் மோதித் திரும்பி வரும். காற்றின் சுழிப்பு தரும் எதிரொலியோ மகா மெல்லியது. பாறை தருவது ஓங்கி அறைவது. 300 மீட்டர் தள்ளியிருக்கும் பாறையின் எதிரொலி, 300 மீட்டர் உயரத்துக் காற்றின் எதிரொலி வரும் அதே கணத்தில் வரும். பாறை நகராது; ஆகவே அதில் சுருதி மாற்றம் இல்லை. கருவி என்ன நினைக்கும்? 300 மீட்டர் உயரத்தில் காற்று அசையவே இல்லை என்று எழுதிவைக்கும்.

சுருதி மாறாத எதிரொலியை எல்லாம் கணினியில் தள்ளுபடி செய்துவிடலாமே என்றால், அங்கேயும் சிக்கல். பள்ளத்தாக்கின் இரவுக் காற்று இயல்பாகவே மெதுவானது. வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஊரும் உண்மையான காற்றும் பாறையும் அருகருகே நிற்கும். பாறையை வெட்டப் போனால் காற்றும் சேர்ந்து வெட்டுப்படும்.

மினி சோடார் இந்தச் சண்டைக்கே போவதில்லை. 200 மீட்டருக்கு அப்பால் உள்ள சுவர் அதன் கேட்கும் நேரத்துக்கு வெளியே இருக்கிறது. உயர்ந்த சுருதி என்பதால் காற்றே, அதுவும் கொலராடோவின் வறண்ட காற்று, சத்தத்தைச் சீக்கிரம் தின்றுவிடுகிறது. அடுத்த கீச்சுக்குள் தூரத்துப் பாறையின் எதிரொலி வந்து குழப்புவதும் குறைகிறது. வழக்கமாகக் குறை என்று சொல்லப்படும் தேய்மானம் இங்கே வேலி போட்டுத் தருகிறது.

இன்னொன்று, கற்றையின் ஒடுக்கம். கற்றை எவ்வளவு குறுகலாக இருக்கும் என்பது ஆன்டெனாவின் அகலத்தில் எத்தனை அலைநீளம் அடங்குகிறது என்பதைப் பொறுத்தது. 1,500 ஹெர்ட்ஸில் அலைநீளம் 23 சென்டிமீட்டர். மினி சோடாரின் ஒடுக்கம் வேண்டுமானால் அந்த ஆன்டெனா மூன்று மடங்கு அகலமாக இருக்க வேண்டும். மூன்று மீட்டர் பலகையைக் குறுகிய கிளைப் பள்ளத்தாக்குக்குள் தூக்கிப் போவது யார்? மேலும், சிறிய கருவியின் கீச்சு குறுகியது. அதனால் தரைக்கு மேல் பதினைந்து, இருபது மீட்டரிலிருந்தே அளவு கிடைக்கத் தொடங்குகிறது. பெரிய கருவி கத்தி முடித்துக் காது தெளிவதற்குள் அந்த உயரம் கடந்துபோயிருக்கும். கிளைப் பள்ளத்தாக்கிலிருந்து வரும் காற்றின் பெரும் பங்கு ஓடுவதோ அந்த அடிமட்ட நூறு, நூற்றைம்பது மீட்டருக்குள்.

தூரம் பார்க்கும் ஆசையை விட்டுக்கொடுத்ததால் கிட்டத்தில் இருப்பது தெளிவாகத் தெரிந்தது. மலையில் அளவெடுக்கப் போகும் யாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கருவி எவ்வளவு தூரம் பார்க்கும் என்பதில்லை. எதைப் பார்க்காமல் இருக்கும் என்பதுதான்.

கிளைகள் சொன்னது

பிரஷ் கிரீக்கின் கிளைகளில் ஒன்று பேக் கேன்யன். மூன்று பக்கமும் சுவர் சூழ்ந்த ஒரு மூலைப் பள்ளத்தாக்கு. அதன் வாயில் வெளியேறும் காற்றைக் கூல்டர், ஆர்கில், லாஸ் அலமோஸின் வில்லியம் போர்ச் ஆகியோர் கணக்கெடுத்தார்கள். கிளைகளின் பங்கைச் சில்லறை என்று ஒதுக்க முடியாது என்று தெரிந்தது. காரணம் வடிவத்தில் இருக்கிறது. நேரான சுவர் ஒரு பக்கத்தில் மட்டும் காற்றைக் குளிரவைக்கிறது. அதே இடத்தில் ஒரு கிளை பிளந்திருந்தால், உள்ளே நீளும் இரண்டு சுவர்கள், பின்சுவர், தரை எல்லாம் சேர்ந்து குளிரவைத்து, ஒரே வாய் வழியாகக் கொண்டுவந்து கொட்டுகின்றன. வரைபடத்தில் சிறு கீறலாகத் தெரியும் கிளை, வரவுக் கணக்கில் தன் அகலத்துக்கு மிஞ்சிய தொகையைப் போடுகிறது.

அதைவிட வியப்பான சேதி நேரத்தில் இருந்தது. இரவுக்காற்று ஒரே சீராக ஓடவில்லை. பத்து, இருபது நிமிடக் கணக்கில் எழுந்தது, தணிந்தது, மறுபடி எழுந்தது. போர்ச், கிளெமென்ட்ஸ், கூல்டர் மூவரும் 1991-ல் எழுதிய கட்டுரைக்கு 'இரவுநேரப் பள்ளத்தாக்கு அலைகள்' என்றே தலைப்பு வைத்தார்கள்.

ஏன் இப்படித் துடிக்கிறது? ஒரு காரணத்தை ரிச்சர்ட் மெக்நைடர் 1982-லேயே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். சரிவில் இறங்கும் காற்று அழுத்தம் கூடக் கூட நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் சூடாகிறது. பள்ளத்தாக்கிலோ கீழே போகப் போகச் சுற்றியுள்ள காற்று குளிர்ந்துகொண்டே போகிறது. வேகமாக இறங்கிய காற்று ஒரு கட்டத்தில் தன் சுற்றத்தைவிடச் சூடாகி, கனம் குறைந்து, தயங்கி நிற்கிறது. நின்றதும் தரை அதை மறுபடி குளிரவைக்கிறது. கனம் கூடி மறுபடி இறங்குகிறது. சரிவு எவ்வளவு செங்குத்தோ, வெப்பத் தலைகீழ்நிலை எவ்வளவு வலுவானதோ, அவ்வளவு விரைவாக இந்த ஊசலாட்டம் நடக்கும். இதோடு, கிளையின் வாயைக் குறுக்கே அடைத்துக்கொண்டு ஓடும் முக்கியப் பள்ளத்தாக்கின் காற்றும் சேர்கிறது. ஒன்று வலுக்கும்போது மற்றது பின்வாங்கி, உள்ளே குளிரைச் சேர்த்துவைத்து, சமயம் பார்த்து வெளியே வருகிறது.

இப்போது பலூனை நினைத்துப் பாருங்கள். ஒரு ஏற்ற இறக்கத்துக்கு அரைமணி. காற்றின் துடிப்போ பத்து, இருபது நிமிடம். பலூன் கீழே இருக்கும்போது காற்று எழுந்திருக்கும், உச்சிக்குப் போகும்போது தணிந்திருக்கும். காகிதத்தில் வரைந்தால் உயரத்தில் காற்று குறைவு என்று தோன்றும். குறைந்தது உயரத்தால் இல்லை, நேரத்தால். எல்லா உயரத்தையும் ஒரே கணத்தில் கேட்டு, சில நிமிடத்துக்கு ஒரு முறை திரும்பத் திரும்பக் கேட்கும் கருவியால்தான் இரண்டையும் பிரிக்க முடிந்தது.

புகைக்காரருக்கு இதில் என்ன இருக்கிறது? நிறைய. 1984 ஆய்வில் நிறமும் மணமும் இல்லாத பெர்ஃப்ளோரோகார்பன் வாயுக்களைப் பள்ளத்தாக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அவை எங்கே, எப்போது, எவ்வளவு அடர்த்தியில் வந்து சேர்கின்றன என்று கீழே பல இடங்களில் மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். சீரான காற்றில் புகை ஒரு பட்டையாக இறங்கும். துடிக்கும் காற்றில் அது கிளைகளின் வாய்க்குள் கொஞ்சம் ஒதுங்கும், தேங்கும், பிறகு வெளியேறும். சராசரி வேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு 'புகை இத்தனை மணிக்குக் கடந்துவிடும்' என்று எழுதித் தந்தால், கடந்துவிட்டதாக நினைத்த புகை விடியற்காலையில் இன்னும் அங்கேயே இருக்கும்.

மினி சோடாரால் எல்லாம் முடியும் என்று சொல்ல வரவில்லை. சுவரை ஒட்டி இரண்டு மூன்று மீட்டர் கனத்தில் வழியும் சரிவுக்காற்று அதன் காதுக்கு எட்டாது. அதற்குக் கம்பம்தான் வேண்டும். வெப்பநிலையை அது எண்ணாகச் சொல்லாது. அதற்குப் பலூன் வேண்டும். மழை பெய்தால் பலகையில் விழும் துளியின் சத்தமே காதை அடைத்துவிடும். சுவர்க்கோழிகள் கத்தும் இரவில் அதே சுருதியில் கத்தினால் கணினி திணறும். பக்கத்தில் வீடு இருந்தால், விடிய விடியக் கேட்கும் கீச்சுக்கு வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். பிரஷ் கிரீக்கில் கிடைத்த தெளிவு, லேசரும் பலூனும் கம்பமும் ஒலியும் ஒன்றின் ஓட்டையை மற்றது அடைத்ததால் கிடைத்தது.

எண்ணெய்ப் பாறைச் சூளைகள் அந்தப் பள்ளத்தாக்குக்கு வரவே இல்லை. ஆய்வின் பயன் வேறு இடங்களுக்குப் போயிற்று. 1991 குளிர்காலத்தில் ஆஸ்காட் குழு அதே மாநிலத்தில், டென்வர் அருகே, ராக்கி ஃப்ளாட்ஸ் அணு ஆயுதத் தொழிற்சாலையைச் சுற்றி அளவெடுத்தது. 2000 அக்டோபரில் உட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகரப் படுகையில், எரிசக்தித் துறையின் இன்னொரு பெரிய ஆய்வு நடந்தது. இரண்டிலும் கேள்வி ஒன்றே: பள்ளத்தாக்கின் வாயிலிருந்து வெளியே வரும் இரவுக்காற்று சமவெளியில் ஊருக்குள் நுழைந்த பிறகு என்ன ஆகிறது? மலைக்கடியில் ஊர் இருக்கும் எந்த நாட்டுக்கும் இந்தக் கேள்வி சொந்தம். அதற்கு விடை தேடுபவர் கிளைப் பள்ளத்தாக்குகளைக் கணக்கில் விட்டால், வரவில் ஒரு பெரிய தொகை காணாமல் போய்விடும் என்பதைப் பிரஷ் கிரீக் காட்டிவிட்டது.

இரவு முழுக்கத் தேங்கிய குளிர்க்காற்று சூரியன் வந்ததும் ஒரேயடியாகக் கலைந்துவிடும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். அது கலைய மூன்றரை முதல் ஐந்து மணி நேரம் பிடிக்கிறது என்பதையும், அதற்குள் மேலே இருக்கும் புகை தரைக்கு இறங்கும் ஒரு மோசமான இடைவேளை உண்டு என்பதையும் கொலராடோவின் பள்ளத்தாக்குகளில் அளந்து காட்டியவர் டேவிட் வைட்மேன். அந்தக் காலை நேரத்து விவகாரத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)